நிலபாவாடை

சிவமயம்

செரம்பான்
5.1.1936

அன்புள்ள தங்கச்சி இரத்தினம்மாவுக்கு,

இங்கே எனக்குக் குறை ஒன்றுமில்லை, இடது முழங்காலைத் தவிர. மழை வரப்போகிறது என்றால் ஆபீசில் உள்ளவர்கள் இப்போது வானத்தைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கிறார்கள். உன்னுடைய இருமல் விட்டதா? மச்சான் பரமலிங்கம் இன்னும் அந்த ஆட்டுப்பாலைத்தான் குடிக்கிறாரா?

எங்கள் பஞ்சலிங்கம் சட்டசபைத் தேர்தலில் நிற்கிறான் என்று நீ எழுதுமுன்பே எனக்குச் செய்தி எட்டிவிட்டது. இந்த ஸ்டேசனில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்தார் ஒருவர் பாக்கியில்லாமல் என் மேசையடிக்கு வந்து கை குலுக்கிவிட்டுப் போகிறார்கள். நான் பெரிய மனிதன் போல முகத்தை வைத்துக்கொண்டு தலையை ஆட்டுகிறேன். உள்ளே எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். எங்களைப் பெற்ற ஆச்சி செத்தபோது ஆறு வயது அவனுக்கு. சோறு தீத்தி வளர்த்தவள் நீ.

மாசி மாதம் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கொழும்பிலிருந்து ஆகாய விமானத்தில் வந்து அச்சுவேலியில் இறங்கப்போகிறானாம். ரயில் என்று ஒரு வாகனம் உலகத்தில் இருப்பதையும், அந்த ரயில்வேயில் அவனுடைய சொந்த அண்ணன் பதினெட்டு வருசமாக வேலை செய்வதையும் சட்டம் படித்த அப்புக்காத்தர் மறந்துவிட்டார். இருக்கட்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அப்பு உயிரோடு இருந்தால் அப்படியொரு நாளில் என்ன செய்திருப்பார்? உடுப்பு வெளுக்கும் கட்டாடி வைரவனைக் கூப்பிட்டு, வெளுத்த சீலையை நிலத்தில் நீளத்துக்கு விரிப்பித்து, அதன்மேல் பிள்ளையை நடத்தி வீட்டுக்குள் கூட்டிவந்திருப்பார். நிலபாவாடை கலியாண மாப்பிள்ளைக்கு மட்டுந்தான் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? நீ அதைச் செய்விக்க வேண்டும். இறங்கி வரும்போது அவன் கால் மண்ணில் படக்கூடாது. ஒன்பது வருசமாக அவனைக் காணாத ஒருவனுடைய ஆசை என்று வைத்துக்கொள்.

உன் அண்ணன்
அருளம்பலம்


சிவமயம்

அச்சுவேலி
19.1.1936

என் அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. இருமல் விட்டுவிட்டது. இவர் ஆட்டுப்பாலை விட்டுவிட்டு இப்போது தேர்தலைக் குடிக்கிறார். காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இல்லை. முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசச் சொன்னேனே, பூசுகிறீர்களா, அல்லது போத்தலைப் பூட்டி வைத்திருக்கிறீர்களா?

தம்பிக்குப் பச்சை நிறம் கிடைத்திருக்கிறது. வாக்குப் போடும் பெட்டிகளுக்கு ஆளுக்கொரு நிறமாம்; எழுத்துத் தெரியாதவர்களும் நிறம் பார்த்துப் போடலாம். நான் பச்சையில் ஒரு சீலை வாங்கி வைத்திருக்கிறேன். பெண்கள் போய் வாக்குப் போடுகிறதோ என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நீங்கள் சொன்னபடி வைரவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, அவன் கண்ணைத் துடைக்கிறான். "தம்பி நயினார் நடக்கிறதெண்டால் பழஞ்சீலை விரிக்கேலாது நாச்சியார். நான் புதுசு கொண்டு வாறன்" என்றான். விமானம் இறங்கப்போவது கோயில் வெளியில். அங்கிருந்து வீட்டுக்குக் குறுக்குவழி எங்கள் தோட்டத்துக்கூடாகத்தானே. வெங்காயம் கிண்டியாயிற்று, செம்மண் வெறுமனே கிடக்கிறது. தோட்டத்து வேலியிலிருந்து கிணற்றடியைத் தாண்டி வீட்டு வாசற்படலை வரைக்கும் ஒரே நீட்டாக விரிக்கலாம் என்று கணக்குப் பார்த்துவிட்டான். உங்கள் ஆசை அப்படியே நடக்கும். இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கமிட்டி வைப்பார்.

மலாயாவுக்கு வரும் ஒருவரிடம் புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஒன்றுதான் எனக்குப் பயம். அவ்வளவு உயரத்தில் அவனுக்குத் தலை சுற்றாதா?

உங்கள் தங்கை
இரத்தினம்மா


வெள்ளவத்தை
3.2.1936

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன். தொண்டைதான் போய்விட்டது, கூட்டங்களில் கத்திக் கத்தி இப்போது தவளை மாதிரிக் கதைக்கிறேன். நீ மல்லித்தண்ணி அவித்து வை.

விமானத்தைப் பற்றிப் பயப்படுகிறாயாம், அத்தான் எழுதியிருந்தார். ஓட்டப்போவது என் சிநேகிதன் கனிசியஸ். என்னோடு சட்டம் படித்தவன், படிப்பை விட்டுவிட்டுப் பறக்கப் போனவன். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்ன விமானம். நான் முன்னால், அவன் பின்னால். அவன் ஊரைக் கண்டதில்லை. ஆகையால் அத்தானிடம் இதைத் தவறாமல் சொல்லு: கோயில் வெளியின் நடுவில் நீட்டாக ஒரு வெள்ளைச் சீலை விரித்து வைக்க வேண்டும். மேலேயிருந்து அதைக் கண்டுதான் கனிசியஸ் இறக்குவான்.

வீட்டுக்கு மேலாலை ஒருக்காச் சுத்திப்போட்டுத்தான் கோயில் வெளிக்குப் போவேன். நீ முற்றத்துக்கு வந்து நில். சின்ன வயதில் நான் கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் உச்சியில் ஏறிவிட்டால் நீ கீழே சீலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு, "விழுந்தாலும் இதிலை விழடா" என்று அழுவாயே, நினைவிருக்கிறதா? அதைவிடக் கொஞ்சம் உயரம். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு.

உன் தம்பி
பஞ்சலிங்கம்


சிவமயம்

செரம்பான்
10.2.1936

தங்கச்சி,

நேற்றுப் பின்னேரம் தந்தி வந்தது. ஊர்த் தலைவர் விதானையார் அடித்திருக்கிறார். "விமானம் விழுந்தது. பஞ்சலிங்கம் காலமானார். நாளை தகனம்." இவ்வளவுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேசன் மேடையில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எத்தனை தரம் நடந்தேனோ தெரியாது. யாரோ வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டார்கள்.

நீ சாப்பிட்டாயா? சாப்பிடமாட்டாய். மச்சானிடம் சொல்லிக் கஞ்சியாவது குடி.

இப்போது நான் கப்பல் ஏறினாலும் எதற்கு ஏறுவது? இங்கே தலைக்கு முழுகிவிட்டுத் தனியே இருக்கிறேன். கொள்ளி வைத்தது யார்? மச்சானா? அவனுக்கு வலி இருந்ததா? நீ அவனைப் பார்த்தாயா? ஒன்றையும் மறைக்காமல் எழுது. எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் எழுது.

அருளம்பலம்


சிவமயம்

அச்சுவேலி
2.3.1936

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. பேனையை எடுக்கிறதும் வைக்கிறதுமாக இருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கஞ்சி குடிக்கிறேன்.

விமானத்தின் செட்டை எங்கள் கிணற்றடியில் தண்ணீர் அள்ளும் துலாக்காலில் பட்டது. துலாக்கால் முறிந்து விழுந்தது. விமானம் தோட்டத்துக்குள் குப்புற விழுந்தது. தம்பிக்கு வலி இருக்கவில்லை, அண்ணை. நான் போய்த் தலையைத் தூக்கும்போதே உயிர் இல்லை. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. விமானம் ஓட்டிய கனிசியஸுக்குத் தொடை எலும்பு முறிந்து, யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் கிடக்கிறான். நல்ல பிள்ளை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான்தான் அவனைத் தேற்றவேண்டி இருந்தது.

கொள்ளி வைத்தது இவர்தான். ஊர் முழுக்க வந்திருந்தது. எதிர்த்து நிற்பவருடைய ஆட்களும் வந்து பாடையைத் தோளில் வாங்கினார்கள். நான் படலை வரைக்கும் போய் நின்றுகொண்டேன். எட்டுச் செலவு முடிந்தது. 10ஆம் திகதி, முப்பத்தோராம் நாள், கீரிமலையில் அந்தியேட்டி.

தேர்தலைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். பச்சைச் சீலையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன்.

மற்றதை எழுத இப்போது கை வரவில்லை. முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இரத்தினம்மா


சிவமயம்

செரம்பான்
16.3.1936

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதமும் கனிசியஸ் ஆசுபத்திரியிலிருந்து எழுதிய கடிதமும் ஒரே கப்பலில் வந்தன. நீ எழுதாததை அவன் எழுதியிருக்கிறான்.

கோயில் வெளிக்கு மேலே வந்தபோது தரையே தெரியவில்லையாம். அவ்வளவு சனம். மச்சான் விரித்த சீலையின் மேலேயே ஏறி நின்றுகொண்டு கை காட்டியிருக்கிறார்கள். வெள்ளை எங்கே என்று தேடிக்கொண்டு திரும்பும்போது, பக்கத்தில் ஒரு வெறுந் தோட்டத்தில், செம்மண்ணில், நீளமாக ஒரு வெள்ளைச் சீலை கிடந்ததாம். தம்பி கீழே கையைக் காட்டிச் சிரித்தானாம். ஏதோ சொன்னான், இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை என்கிறான். அங்கேதான் இறக்கச் சொல்கிறான் என்று நினைத்து இறக்கினேன், துலா கண்ணில் படவில்லை என்று எழுதியிருக்கிறான்.

எந்த மூளைகெட்டவன் அங்கே வெள்ளை விரித்தான்? ஊரில் நிலத்தில் சீலை விரிக்கிறவன் ஒருவன்தான். வைரவனைக் கூப்பிட்டுக் கேள். அது அவனுடைய வேலைதான் என்று தெரிந்தால், இனி அவன் எங்கள் படலைக்குள் வரக்கூடாது. அப்பு குடியிருக்க விட்ட வளவிலும் இருக்கக்கூடாது. விதானையாருக்கும் இன்றைக்கே எழுதுகிறேன். என் தம்பியைத் தின்ற சீலையை வெளுத்தவன் அந்த ஊரில் இருக்க வேண்டாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் உடனே எழுது.

அருளம்பலம்


சிவமயம்

செரம்பான்
12.4.1936

தங்கச்சி இரத்தினம்மா,

ஒரு மாதமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரியுமில்லை. வருசம் பிறக்கப்போகிறது. சுகமில்லையா? மச்சானாவது இரண்டு வரி எழுதக்கூடாதா?

விதானையார் எழுதியிருந்தார். மரண விசாரணையில் வைரவன், "நான்தான் விரிச்சனான்" என்று ஒத்துக்கொண்டானாம். ஏன் விரித்தாய் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம். ஊரில் யாரும் அவனுக்கு வெளுக்க உடுப்புப் போடுவதில்லை. இந்த மாத முடிவுக்குள் வளவை விட்டு எழும்பச் சொல்லியாயிற்று என்கிறார். வாசித்தபோது நெஞ்சு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

உன் கையெழுத்தைக் கண்டால் போதும்.

அண்ணன்


சிவமயம்

அச்சுவேலி
24.4.1936

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். உங்களைக் காத்திருக்க வைத்த பாவத்துக்கு என்ன சொல்வது?

வைரவன் வாய் திறக்கமாட்டான். நான்தான் திறக்க வேண்டும். சீலை விரிக்கச் சொன்னது நான், அண்ணை. ஆசை என்னுடையது. வேறு ஒருவருக்கும் அதில் பங்கில்லை.

அன்று காலையில் வைரவன் ஒரு தலைப்பையும் நான் ஒரு தலைப்பையும் பிடித்து, தோட்டத்தில் சுருக்கம் விழாமல் விரித்தோம். காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தில் கல்லு வைத்தோம். அவன் ஒரு தரம் கேட்டான், "நாச்சியார், மேலாலை வாறவைக்கு இதுவும் தெரியுமல்லோ?" என்று. "ஆகாயத்திலை வாறவைக்கு எங்கடை சீலையே கண்ணிலை படப்போகுது? நீ கல்லை வை" என்று நான் சொன்னேன். கோயில் வெளியில் வெள்ளைச் சீலை விரிக்க வேண்டும் என்று தம்பி எழுதியதை இவருக்கு வாசித்துச் சொன்னவளும் நான்தான். வாசித்த வாயாலேயே வைரவனுக்கும் ஆள் அனுப்பினேன். மேலேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அவன் நடந்து வருகிற கோலத்தைத் தவிர வேறொன்றும் அன்று என் தலைக்குள் இல்லை.

படலையடியில் நிறைகுடம் வைத்துவிட்டு முற்றத்தில் நின்றேன். வீட்டுக்கு மேலே ஒருக்காச் சுற்றினான், சொன்னபடியே. முகத்தையும் கண்டேன். கையை நீட்டினான். அவன் இறக்கச் சொல்லிக் காட்டவில்லை, அண்ணை. அக்கா நிற்கிறா என்று கனிசியஸுக்கு என்னைக் காட்டினான். திரும்பவும் தாழப் பதிந்து வந்தபோது, எனக்கு இன்னொரு தரம் முகம் காட்டத்தான் வருகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டு நின்றேன். துலாக்காலில் படும்வரைக்கும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கோயில் வெளியில் நின்ற சனம் ஓடி வருமுன் அவனை அந்தச் சீலையிலேயே வைத்துத் தூக்கினோம். தலைமாட்டை வைரவன் பிடித்தான், கால்மாட்டை நான் பிடித்தேன். வீட்டுக்குள் கொண்டுவந்து கிடத்தும்வரை அவன் கால் மண்ணில் படவில்லை.

வைரவனிடம் ஏன் விரித்தாய் என்று கேட்டார்களே தவிர, விரிக்கச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முந்தாநாள் அவன் சட்டி பானையை வண்டியில் ஏற்றிவிட்டு, பின்படலையில் நின்று, "போட்டு வாறன் நாச்சியார்" என்றான். என்மேல் ஒரு கோபமில்லை அவனுக்கு. அதுதான் என்னைக் கொன்றது. அந்த நிமிசமே விதானையார் வீட்டுக்கு நடந்துபோய், ஆட்கள் நிற்க, எல்லாவற்றையும் சொன்னேன். இவருக்கும் அங்கேதான் தெரிய வந்தது. இவர் எழும்பிப்போய், வைரவனுடைய சாமான்களை வண்டியிலிருந்து தன் கையாலே இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

நீங்கள் என்னை என்ன சொன்னாலும் கேட்பேன். தாய் போல வளர்த்தேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதைக் கேட்கத்தான் முடியவில்லை.

இரத்தினம்மா


சிவமயம்

செரம்பான்
8.5.1936

என் தங்கச்சி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. முழங்கால் என்று சொல்லி அனுப்பினேன்.

"கால் மண்ணில் படவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு மேலே வாசிக்க முடியவில்லை. அந்தச் சொல்லு உன்னுடையதல்ல. என்னுடையது. நீ தை மாதம் எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். "நீங்கள் சொன்னபடி வைரவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்." உன் கையெழுத்தில் இருக்கிறது. சீலை விரிக்கச் சொன்னது நான்.

இவ்வளவு நீளமாக எழுதினாய். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டாய். வைரவனைத் துரத்தச் சொல்லி நான் குதித்தபோதுகூட, "எழுதினது நீங்கள்தானே" என்று நீ கேட்கவில்லை. ஒரு மாதம் பதில் எழுதாமல் இருந்தது எனக்காகத்தான் என்று இப்போது விளங்குகிறது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கோபத்தை எழுதும்போதே உள்ளே ஏதோ உறுத்தியது. அதைப் பார்க்கப் பயந்துதான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

விதானையாருக்கு என் பிழையை எழுதிவிட்டேன். ஆனி மாதம் லீவு கிடைத்திருக்கிறது. 6ஆம் திகதி கப்பல் ஏறுகிறேன். நான் தை மாதம் எழுதிய கடிதத்தைக் கவனமாக எடுத்து வை. வந்து அதை விதானையார் முன்னாலும் வைரவன் முன்னாலும் நானே வாசிக்கப்போகிறேன். நீ சுமந்தது போதும்.

அருளம்பலம்


சிவமயம்

அச்சுவேலி
20.5.1936

என் அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீங்கள் வரப்போகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து இவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. முன்வேலி அடைக்கத் தொடங்கிவிட்டார். முழங்காலுக்கு நொச்சி இலை ஆய்ந்து வைத்திருக்கிறேன். வைரவன் முந்தாநாள் வெளுத்த உடுப்புக் கொண்டுவந்தான். முன்போல அதிகம் கதைப்பதில்லை, ஆனால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

நீங்கள் எடுத்து வைக்கச் சொன்ன கடிதத்தைத் தேடினேன். தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியும் பார்த்துவிட்டேன். நீங்கள் மலாயாவுக்குப் போன நாளிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. தை மாதத்தில் அப்படி ஒன்று எனக்கு வரவேயில்லை, அண்ணை. நீங்கள் எழுதியிருந்தால் அது கப்பலில் தவறியிருக்க வேண்டும்.

"நீங்கள் சொன்னபடி" என்று நான் எழுதினேன் என்றால், அது என் பழக்கம். தலை பின்னுகிறதென்றாலும் பள்ளிக்கூடம் போகிறதென்றாலும், அண்ணை சொன்னபடி, அண்ணை சொன்னபடி என்று சொல்லித்தானே நான் வளர்ந்தேன். கை தானாக எழுதிவிட்டது. ஆகையால் வராத கடிதத்தை நினைத்து நீங்கள் நித்திரை கெட வேண்டாம். வந்து வாசிக்கிறதற்கும் இங்கே ஒன்றுமில்லை.

இதை அடுப்படியில் இருந்து எழுதுகிறேன். கடதாசி எரிந்த புகை கண்ணில் பட்டு இரண்டு இடத்தில் மை ஊறிவிட்டது; குறை நினைக்க வேண்டாம்.

சுன்னாகம் ஸ்டேசனுக்கு இவரும் வைரவனும் வண்டி கொண்டு வருவார்கள். கோயில் வெளியடியில் இறங்கி, குறுக்குவழியால் நடந்து வாருங்கோ. தோட்டத்தில் குரக்கன் நட்டிருக்கிறது, வரம்பைப் பார்த்துக் கால் வையுங்கோ. கிணற்றுக்குப் புதுத் துலாக்கால் நாட்டியாயிற்று. செம்மண் காலில் ஒட்டும், ஒட்டட்டும். நான் தண்ணீர் அள்ளி வைத்துக்கொண்டு படலையடியில் நிற்பேன்.

உங்கள் தங்கச்சி
இரத்தினம்மா